எழுபத்திரண்டாம் தலைமுறை

கதவைத் திறந்ததும் அறை பேச்சை நிறுத்தியது.

அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. நம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாம் உள்ளே நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. எட்டு மாதமாக இந்தக் கட்டிடத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. அதனால் இதையும் தன் மனசின் கோணல் என்றே எடுத்துக்கொண்டாள். ஆனால் சாவியைப் பூட்டில் நுழைக்கும்போது உள்ளே இரைச்சல் கேட்டதே, அது கோணல் இல்லை. புட்டிகளுக்குள் ஆயிரக்கணக்கான பழ ஈக்கள் எழுப்பும் மெல்லிய, ஓயாத இரைச்சல். பதினோரு வருடமாக அவள் காதில் குடியிருக்கும் சத்தம் அது. அவள் வந்தாலும் போனாலும் அது பாட்டுக்கு இருக்கும்.

இப்போது இல்லை. குளிரூட்டியின் உறுமல் மட்டும்தான்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். காதை வைத்துக் கேட்டாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மூலையில் தொடங்கி, மற்ற மூலைகள் சேர்ந்துகொண்டு, இரைச்சல் திரும்ப வந்தது. மறுபடி திறந்தாள். நின்றது. விடுமுறை நாள் மத்தியானம், ஆளில்லாத அடித்தளத்தில், கதவோடு கண்ணாமூச்சி ஆடும் நாற்பத்தாறு வயதுப் பெண்ணை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு ஈ அக்கா என்று பெயர். ஈ வளர்ப்பதுதான் வேலை. உணவு காய்ச்சி ஊற்ற வேண்டும், புட்டி மாற்ற வேண்டும், ஆணையும் பெண்ணையும் தூரிகையால் பிரிக்க வேண்டும், எண்ண வேண்டும். "நாள் முழுக்க ஈ ஓட்டுறதுக்கு உனக்குச் சம்பளமா?" என்று கணவர் கேட்டுச் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரித்த காலம் ஒன்று இருந்தது.

அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்குகள் தாமாகவே காலை நாலுக்கு எரியும், மாலை நாலுக்கு அணையும். ஈக்களின் பகல் அவ்வளவுதான். மூன்று சுவரையும் மறைத்து இரும்பு அலமாரிகள், அவற்றில் வரிசை வரிசையாகப் பஞ்சடைத்த புட்டிகள். ஈஸ்ட்டின் புளிப்பு, வெந்த மாவின் வாசனை, அதற்கு அடியில் ஸ்பிரிட்டின் காரம். இன்று இன்னொன்றும் இருந்தது. ஈரத்தில் ஊறிய பழைய துணி மாதிரி ஒரு நெடி, பின்சுவர்ப் பக்கமிருந்து. சுவரில் ஈரம் ஏறி ஓதம் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அலமாரிக்குப் பின்னால் சுண்ணாம்பு கறுத்துப் போயிருந்தது.

மேசை மேல் இரண்டு தட்டுகள் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தன. நேற்று சாயம் கலந்த உணவு மிஞ்சியதை அந்தத் தட்டுகளில் மூடாமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம். பெருக்க வருபவர் கழுவி வைத்திருப்பார். ஆனால் அறையின் சாவி அவளிடமும் துறைத்தலைவி மேடத்திடமும் மட்டும்தான் இருக்கிறது. அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க வேறு விஷயம் இருந்தது.

நாளைக்கு விசாரணை.

விஷயம் இதுதான். மேடத்துக்கு ஒரு கனவு. ஒரே தாய் வயிற்று ஈக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை மாவு உணவிலும் மற்றதைச் சர்க்கரை உணவிலும் தனித்தனியாக வளர்த்து, அவை இரண்டு இனமாகப் பிரிவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மாணவர்களுக்கு அவர் பாடம் எடுக்கும்போது இவளும் கடைசியில் நின்று கேட்டிருக்கிறாள். நடுவில் ஒரு மலை வந்துவிட்டால், ஆறு திசை மாறிவிட்டால், இந்தப் பக்கத்தவை அந்தப் பக்கத்தவற்றை மறந்துபோகும். தலைமுறை தலைமுறையாக மறந்தபின் ஒருநாள் எதிரெதிரே நின்றாலும் இணை சேராது. சேராதவை வேறு இனம். அவ்வளவுதான், உலகத்தில் இத்தனை உயிர் வந்த கதை. பதினைந்து நாளைக்கு ஒரு தலைமுறை ஈக்களுக்கு. மலைக்கும் ஆற்றுக்கும் காத்திருக்க வேண்டாம்.

பிரிந்துவிட்டனவா என்று பார்க்க ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சோதனை. முந்தின நாள் மாவு ஈக்களுக்குச் சிவப்புச் சாயமும் சர்க்கரை ஈக்களுக்கு நீலச் சாயமும் உணவில் கலந்து கொடுத்தால் வயிறு நிறம் காட்டும். இரண்டையும் ஒரு கண்ணாடித் தட்டில் விட்டு ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். இணை சேர்ந்த ஜோடிகளை ரப்பர் குழலால் வாய் வைத்து உறிஞ்சி எடுத்து, சிவப்போடு சிவப்பா, நீலத்தோடு நீலமா, இல்லை கலப்பா என்று குறிக்க வேண்டும். குழலின் நடுவில் வலைத்துணி உண்டு. ஈ வாய்க்குள் வராது. சோதனை முடிந்ததும் அத்தனை ஈக்களையும் ஸ்பிரிட்டில் போட்டுவிட வேண்டும். அது விதி.

முதல் தலைமுறைகளில் பாதிக்குப் பாதி கலப்பு. தாளைப் பார்த்த மேடத்தின் முகம் விழுந்ததை அவளால் தாங்க முடியவில்லை. தப்புக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த முகம் விழுந்தது, அவ்வளவுதான். அடுத்த முறை இரண்டு கலப்பு ஜோடிகளை உறிஞ்சி எடுத்து, குறிக்காமல், ஸ்பிரிட்டில் ஊதிவிட்டாள். "உன் கை ராசியான கைம்மா" என்றார் மேடம். அதற்கு அடுத்த முறை ஐந்து. பிறகு அத்தனையும். அடுத்த முறை கொல்ல வேண்டியது குறையட்டும் என்று, சோதனையில் மிஞ்சிய நல்ல ஈக்களைக் கொல்லாமல் வளர்ப்புப் புட்டிகளிலேயே திருப்பி விட்டாள். அவைதான் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பன். மூன்று வருடம். எழுபத்தியொரு தலைமுறை.

பக்கத்து மேசையில் வேலை பார்த்த மீசைக்கார அண்ணன்தான் முதலில் கேட்டார். எண்பது ஈ உள்ளே போகிறது, தாளில் அறுபதுக்குத்தான் கணக்கு இருக்கிறது, மிச்சம் எங்கே என்று. அவள் லீவில் இருந்த ஒருநாள் அவரே சோதனை செய்தார். ஒன்பது கலப்பு வந்தது. மேடம் நம்பவில்லை. அண்ணன்தான் புட்டிகளைக் கலந்து பாழாக்கிவிட்டார் என்று எட்டு மாதத்துக்கு முன் விசாரணை வைத்தார்கள். இருபது வருட வேலைக்காரர். ஒரு புட்டியின் பஞ்சுகூட மாற்றி அடைத்ததில்லை. அவர் எப்போதாவது புட்டியை மாற்றி வைத்ததைப் பார்த்திருக்கிறாயா என்று அவளைக் கேட்டார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை. நா எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மௌனத்தை அவர்கள் தங்களுக்கு வேண்டியபடி எழுதிக்கொண்டார்கள். அவர் வேலை போயிற்று.

அவர் மேல்முறையீடு செய்திருந்தார்; அதற்குத்தான் நாளைய விசாரணை. முந்தாநாள் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தாள். ஒளியப் பார்த்தாள், முடியவில்லை. மீசையை மழித்திருந்தார். மேலுதடு பச்சைப்பிள்ளைக்கு இருப்பது போல் வெளுத்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு அதிகமாகக் கூசியது.

"நீ பாத்ததை மட்டும் சொல்லும்மா," என்றார். "கூட ஒண்ணும் வேண்டாம்."

அதனால்தான் இன்று வந்திருக்கிறாள். ஒரே ஒரு நேர்மையான சோதனை. கலப்பு வந்தால் வந்தபடி குறித்து, அந்தத் தாளை நாளைக்கு மேசைமேல் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. வேலை போகும். போகட்டும். கூனிக் குறுகி நடந்தது போதும்.

இரண்டே முக்காலுக்கு எண்பது ஈக்களையும் தட்டில் விட்டாள். குழலை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடத்தில் முதல் ஜோடி. சிவப்பு, சிவப்பு. அடுத்தது நீலம், நீலம். அதற்கடுத்ததும் நீலம். ஒரு நீல ஆண் சிவப்புப் பெண்ணின் அருகே நடந்து போனது. அவள் மூச்சைப் பிடித்தாள். அது நின்று, ஏதோ நினைவு வந்ததுபோல் திரும்பிப் போய்விட்டது. ஒரு மணி நேரம். முப்பத்தைந்து ஜோடி. ஒன்றுகூட மாறவில்லை.

தாளில் கலப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். இந்தத் தடவை உண்மையான பூஜ்யம். அவள் சொல்லிவந்த பொய் உண்மையாகிவிட்டது. அவர் சொன்ன உண்மையை நிரூபிக்க இனி உலகத்தில் ஒன்றும் இல்லை. முதலில் வந்தது நிம்மதி. உடம்பெல்லாம் தளர்ந்து, கண்ணில் நீர் வருகிற அளவுக்கு நிம்மதி. நாளைக்கு வாயைத் திறக்க வேண்டாம்; யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நிம்மதியை உணர்ந்த மறுகணம் தன்மேல் காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவருடைய வெளுத்த மேலுதடு ஞாபகம் வந்தது.

நாலு மணி ஆயிற்று. விளக்குகள் அணைந்தன.

பழக்கத்தில் கையை நீட்டி மேசையின் சிவப்பு விளக்கைப் போட்டாள். ஈக்களுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அவற்றுக்கு இது கும்மிருட்டு. இரவில் அவற்றைக் கலைக்காமல் பார்க்க வைத்திருக்கும் விளக்கு. அந்த வெளிச்சத்தில் சிவப்பு வயிறுகள் வெளுத்தும் நீல வயிறுகள் கறுத்தும் தெரியும். தட்டில் மிஞ்சியிருந்த பத்து ஈக்களை எடுப்பதற்காகக் குழலை வாயில் வைத்து, குறிபார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

வெளுத்ததும் கறுத்ததும் நெருங்கின.

தயக்கமே இல்லை. ஐந்து ஆணும் ஐந்து பெண்ணும் காத்திருந்தவைபோல் நேராக நடந்து வந்து இணை சேர்ந்தன. வெளுப்பும் கறுப்பும், கறுப்பும் வெளுப்பும். ஐந்து ஜோடி. ஐந்தும் கலப்பு.

அதிர்ச்சியில் மூச்சை விட்டாள்.

பிரிந்துவிட்டன. வெளுத்தவை தட்டின் ஒரு ஓரம், கறுத்தவை எதிர் ஓரம். நடுவில் ஒரு விரல் இடைவெளி. சேர்ந்த ஈக்கள் பாதியில் பிரியாது என்பது பதினோரு வருடத்தில் அவளுக்கு நன்றாகத் தெரியும். இவை பிரிந்தன.

மறுபடி மூச்சைப் பிடித்தாள். பத்து எண்ணினாள். சேர்ந்தன. மூக்கால் ஒரு துளி மூச்சு விட்டாள். பிரிந்தன. மூன்றாவது தடவையும் அதேதான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கலந்தவற்றை அவள் கொல்லவில்லை. அவள் பார்க்கும்போது கலந்தவற்றைத்தான் கொன்றிருக்கிறாள். குழலோடு குனிந்து, முகத்துக்கு நேரே மூச்சு விட்டுக்கொண்டு, எழுபத்தியொரு தலைமுறையாக. பிழைத்தவை எல்லாம் அவள் மூச்சு படும்போது அடங்கி நடக்கத் தெரிந்தவை. அவற்றைத்தான் பத்திரமாகப் புட்டியில் திருப்பி விட்டாள். பிள்ளை பெற வைத்தாள். மாவு இனமும் இல்லை, சர்க்கரை இனமும் இல்லை. இது ஒரே இனம். அவளை ஏமாற்றத் தெரிந்த இனம். மலையும் ஆறும் செய்யாததை அவளுடைய கேவலமான பயம் செய்திருந்தது.

மேடத்தின் முகத்துக்காக அவள் நடித்தாள். அவள் மூச்சுக்காக அவை நடிக்கின்றன. யாரிடமிருந்து கற்றுக்கொண்டன என்று கேட்க வேண்டியதே இல்லை.

சொல்லிவிட வேண்டும். நாளைக்கு இல்லை, இப்போதே. அவரைக் கூப்பிட்டு இங்கேயே வரவழைத்து, இந்தச் சிவப்பு வெளிச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும். நாளைக்கு இவை வேறெதையாவது கற்றுக்கொண்டுவிடலாம். கதவருகே மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். எழுந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு எண்ணை அழுத்தினாள். எட்டு மாதமாக அழுத்தத் துணியாத எண்.

போனின் வெள்ளை வெளிச்சம் அறை முழுவதும் விழுந்தது. பின்சுவரின் ஓதம் அசைந்தது.

ஓதம் இல்லை.

அலமாரிகளுக்குப் பின்னால், தரையிலிருந்து கூரை வரை, சுண்ணாம்பே தெரியாமல் ஈக்கள். புட்டியில் அடங்காதவை, எப்போதோ தப்பியவை, அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இத்தனை நாள் அவள் முதுகுக்குப் பின்னால். சத்தமில்லாமல். வெளிச்சம் பட்டதும் அத்தனையும் நகர்ந்தன. முட்டிமோதவில்லை. பறக்கவில்லை. நடந்தன. இடது பக்கம் சிவப்பு வயிறுகள், வலது பக்கம் நீல வயிறுகள். நடுவில் நூல் பிடித்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. தட்டுகளைக் கழுவியது யார் என்று இப்போது தெரிந்தது.

அவள் பார்க்க ஆசைப்பட்டதை அவளுக்குக் காட்டிக்கொண்டு நின்றன.

"சொல்லும்மா," என்றது போன்.

"அண்ணே." என்றாள். "நான் ஈ ரூம்லதான் இருக்கேன்."

அவர் மெதுவாகப் பேசினார். கோபமில்லாமல் பேசியதுதான் கொடுமை. வேலை திரும்பக் கிடைக்கும் என்றெல்லாம் எதிர்பார்க்கவில்லை என்றார். வீட்டில் எல்லோரும் நம்புவதாகத்தான் சொல்கிறார்களாம். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் ஒருத்தரும் முகத்தைப் பார்ப்பதில்லையாம்.

"நான் எதையும் கலக்கலைன்னு ஒரு வார்த்தை," என்றார். "இப்ப என்கிட்டயாவது சொல்லேன். போதும்."

சொல்ல வாயெடுத்தாள்.

உதட்டில் ஏதோ நடந்தது.

ஒன்று. பிறகு மூன்று. காதுமடலில். புருவத்தில். கழுத்து வழியே ஏறிக்கொண்டு. மிக லேசான கால்கள். கதவுப் பக்கமிருந்து. அவள் சாய்ந்திருந்த கதவிலிருந்து. வாயை மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடித்தாள். மூடிய உதடுகள் மேல் வந்து வந்து உட்கார்ந்தன. தையல் போட்டதுபோல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

திறந்தால் உள்ளே போகும்.

துப்பியிருக்கலாம். கையால் வழித்திருக்கலாம். ஒரு வார்த்தைதானே. சொல்லிவிட்டு எது உள்ளே போனால் என்ன. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் உதடு பிரியவில்லை. ஈக்களால்தான் பிரியவில்லையா என்பதும் தெரியவில்லை. அன்றைக்கு விசாரணையில் ஒரு ஈகூட இல்லை.

"இருக்கியாம்மா?"

குளிரூட்டி உறுமியது.

"ஹலோ?"

கண்ணிலிருந்து நீர் இறங்கியது. வழியில் இருந்தவை விலகி அதற்கு இடம் விட்டன.

"சரி," என்றார் அவர். "சரிம்மா. புரியுது." வைத்துவிட்டார்.

திரை அணைந்து கறுத்தது. மேசை விளக்கின் சிவப்பு மட்டும். கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. ஒரு பாதி வெளுப்பு, மறு பாதி கறுப்பு. நெற்றி நடுவிலிருந்து மூக்குத்தண்டு வழியாக, உதட்டைக் கடந்து, முகவாய் வரை ஒரு நேர்க்கோடு. கண்கள் மட்டும் திறந்திருந்தன. பார்ப்பதற்காக ஈக்கள் அவற்றை விட்டுவைத்திருந்தன.

நெஞ்சு எரிந்தது. இதற்குமேல் பிடிக்க முடியாது. மூச்சு பட்டால் பயந்து அடங்கும், விலகும். எழுபத்தியொரு தலைமுறை அப்படித்தான். மூக்கு வழியாக, முழுதாக, விட்டாள்.

முகமெங்கும் இறக்கைகள் ஒருமுறை எழுந்து காற்றுக்கு வழிவிட்டன. திரும்பப் படிந்தன. ஒன்றுகூட இடம் மாறவில்லை.